மர உச்சியில் ஆய்வு: மழைக்காட்டு விதானத்தை அறிவியலாளர்கள் எட்டுவது எப்படி?

மழைக்காட்டுக்குள் முதன்முறையாக நுழைகிறவர் பெரும்பாலும் ஏமாந்துபோவார். பூக்களும் பறவைகளும் குரங்குகளும் கண்முன் நிறைந்திருக்கும் என்று எண்ணிச் சென்றவருக்குக் காணக் கிடைப்பது ஈரச் சருகும், பாசி படிந்த அடிமரங்களும், நண்பகலிலும் அந்திபோல் மங்கிய வெளிச்சமும், காலில் ஏறும் அட்டையும்தான். சற்று நின்று தரையை உற்றுப் பார்த்தால், பக்கத்தில் எந்தச் செடியிலும் இல்லாத பூவின் இதழ்கள் சிதறிக் கிடப்பதும், பாதி கடித்து எறியப்பட்ட காய் ஒன்று சருகின்மேல் கிடப்பதும் தெரியவரும். தலைக்கு மேல் பத்து மாடி உயரத்தில் ஏதோ ஒரு மரம் பூத்திருக்கிறது, ஏதோ ஒரு விலங்கு அங்கே பசியாறிக்கொண்டிருக்கிறது என்பதற்கான தடயங்கள் அவை.

காட்டை ஆராய்ந்தவர்களும் நெடுங்காலம் இப்படிப்பட்ட தடயங்களை நம்பியே வேலை செய்தார்கள். உதிர்ந்த பூவையும் பழத்தையும் பொறுக்கினார்கள். பறவைகளைச் சுட்டு வீழ்த்தினார்கள். மரத்தையே வெட்டிச் சாய்த்து, அதன் உச்சியில் இருந்தவற்றைத் தரையில் வைத்துப் பார்த்தார்கள். கல்யாண வீட்டுக்கு வெளியே கிடக்கும் எச்சில் இலைகளைப் பார்த்து உள்ளே என்ன விருந்து, யார் யார் வந்திருக்கிறார்கள் என்று ஊகிப்பதைப் போன்றது அது. ஊகம் சில நேரம் சரியாகவும் இருக்கும். ஆனால் பந்தியில் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்பதை இலை சொல்லாது.

விதானம் என்றால் என்ன?

கோயில் விழாக்களில் சுவாமிக்கு மேலே விரித்துக் கட்டும் துணியை விதானம் என்கிறோம். அடர்ந்த காட்டில் மரங்களின் கிளைகளும் இலைகளும் ஒன்றையொன்று நெருங்கி, தரையை மூடி நிற்கும் மேலடுக்குக்கும் அதே பெயர் பொருந்துகிறது. ஆய்வாளர்கள் பேச்சில் இதை ‘கேனபி’ என்பார்கள். வெப்பமண்டல மழைக்காடுகளில் இந்த அடுக்கு பெரும்பாலும் தரையிலிருந்து 30 முதல் 45 மீட்டர் உயரத்தில் அமைந்திருக்கும்; அதையும் தாண்டித் தனியே தலை நீட்டும் பெருமரங்களும் ஆங்காங்கே உண்டு.

இதை வெறும் கூரை என்று நினைத்துவிடக் கூடாது. மழைக்காட்டின் தரையை எட்டுவது, மேலே விழும் சூரிய ஒளியில் நூற்றில் ஒன்றோ இரண்டோ பங்குதான். மீதி ஒளியில் பெரும்பகுதியை மேலேயுள்ள இலைகளே பிடித்துக்கொள்கின்றன. ஒளி எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஒளிச்சேர்க்கை நடக்கும்; அது நடக்கும் இடத்தில்தான் தளிரும் பூவும் காயும் மிகும்; அவற்றைத் தின்னும் புழுவும், புழுவைத் தின்னும் பறவையும் அங்கேதான் கூடும். தட்பவெப்பமும் மாறுகிறது. தரையில் காற்று அசையாமல், ஈரம் குறையாமல் இருக்கும் அதே நண்பகலில், உச்சி இலை சுள்ளென்ற வெயிலிலும் உலர்ந்த காற்றிலும் காய்ந்துகொண்டிருக்கும். ஒரே மரத்தின் அடியும் உச்சியும் வெவ்வேறு ஊர்களின் வானிலையில் வாழ்கின்றன என்று சொன்னால் அது மிகையாகாது.

வேர் தரையைத் தொடாமலேயே வாழ்நாளைக் கழிக்கும் செடிகளும் அங்கே உண்டு. பள்ளிப் பாடத்தில் தொற்றுத் தாவரங்கள் என்று படித்திருப்போம்: ஆர்க்கிடுகள், பெரணிகள், அமெரிக்கக் கண்டங்களின் காடுகளில் அன்னாசிக் குடும்பத்தைச் சேர்ந்த புரோமீலியாக்கள் ஆகியவை இவ்வகையின. இவை மரத்தை உறிஞ்சி வாழும் ஒட்டுண்ணிகள் அல்ல. கிளையை நிற்கும் இடமாக மட்டும் கொண்டு, மழைநீரிலிருந்தும் தூசியிலிருந்தும் மட்கிய இலையிலிருந்தும் உணவைத் தேடிக்கொள்பவை. உலகின் பெரணிகளும் விதைத்தாவரங்களும் சேர்ந்த மொத்த இனங்களில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இவ்வாறு மரத்தின்மேல் வாழ்பவை என்னும்போது, அண்ணாந்து பார்த்து மட்டும் தாவரவியல் செய்வதில் எவ்வளவு விடுபட்டுப்போகும் என்பது விளங்கும்.

அறிவியலுக்கு முன்பே ஏறியவர்கள்

விதானத்துக்கு முதலில் ஏறியவர்கள் அறிவியலாளர்கள் அல்லர். மலைத்தேனீக்கள் தம் பெரிய அடைகளை உயர்ந்த மரங்களின் கிளைகளுக்கு அடியில் தொங்கவிடுவதால், தேன் எடுக்கும் மக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே போய்வந்திருக்கிறார்கள். நீலகிரி, வயநாடு பகுதிக் காட்டுநாயக்கர்களும், மலேசியாவில் துவாலாங் என்னும் வழுவழுப்பான நெடுமரத்தில் ஏறும் தேன் சேகரிப்பாளர்களும் இதற்குச் சான்று. அடிமரத்தில் மூங்கில் முளைகளை அறைந்து, அவற்றையே படிகளாக்கி, பெரும்பாலும் இரவில் தீப்பந்தப் புகையின் துணையோடு ஏறுவது அவர்களின் முறை.

அறிவியல் நோக்கோடு திட்டமிட்டு நடந்த தொடக்க முயற்சிகளில் குறிப்பிடத்தக்கது, 1929-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தினர் ஹிங்ஸ்டன் தலைமையில் அன்றைய பிரிட்டிஷ் கயானாவுக்கு மேற்கொண்ட பயணம். கிளைகளுக்கு மேலே கயிற்றைச் செலுத்தி, ஆட்களை இருக்கையில் உட்காரவைத்து மேலே இழுத்தார்கள். ஏற்பாடு பெரிது, ஆட்கள் நிறையத் தேவை. ஆகவே அந்த வழி பரவவில்லை. ஒரு மாணவர் ஓரிரு துணையாட்களோடு காட்டுக்குப் போய்த் தானே மேலே ஏறிவிடலாம் என்ற நிலை வந்தது 1970-களின் பிற்பகுதியில்தான். குகை ஆய்வாளர்களும் மலையேறிகளும் பயன்படுத்திவந்த ஒற்றைக்கயிற்று முறையை மரத்துக்குக் கொண்டுவந்ததால் அது நேர்ந்தது. கோஸ்ட்டா ரிக்காவின் லா செல்வா ஆய்வு நிலையத்தில் உயிரியலாளர் டொனால்ட் பெர்ரி குறுக்குவில்லால் அம்பெய்து கயிறு ஏற்றினார்; அந்த முறையை 1978-இல் ஓர் ஆய்விதழில் விளக்கி எழுதினார். ஆஸ்திரேலியாவில் ஆய்வு மாணவி மார்கரெட் லோமன் 1979-இல் ஏறத் தொடங்கினார்.

கயிறு மேலே போவது எப்படி?

நம் ஊரில் பனையேறுபவர் காலில் தளைநார் மாட்டிக்கொண்டு, மரத்தைக் கையால் அணைத்து, உடலை உந்தி உந்தி ஏறுவார். அதே வித்தையைக் காட்டிலும் காட்டலாமே என்று தோன்றும். பனை, கைக்குள் அடங்கும்; உச்சிவரை கிளையும் இல்லை. மழைக்காட்டுப் பெருமரத்தின் அடியோ மூன்று நான்கு பேர் கைகோத்தாலும் சுற்றி வளைக்க முடியாதது. பலகைபோல் விரிந்த அண்டைவேர்கள் வேறு குறுக்கே நிற்கும். முள்பொருத்திய காலணியால் மரத்தைக் குத்தி ஏறலாம்தான். ஆனால் ஒவ்வொரு குத்தும் பட்டையில் ஒரு புண். அதன் வழியே பூஞ்சையும் பூச்சியும் நுழையும். மரத்தின் நலத்தை அளக்க வந்தவர் அதை நோயாளியாக்கிவிட்டு அளப்பதில் பொருளில்லை. ஆகவே மரத்தின் மேல் ஏறாமல், மரத்திலிருந்து தொங்கும் கயிற்றின் மேல் ஏறுகிறார்கள்.

முதல் வேலை கண்ணால் செய்வது. தொலைநோக்கியால் மரத்தை அடி முதல் நுனி வரை சுற்றிச் சுற்றிப் பார்க்க வேண்டும். அடியில் தட்டுத்தட்டாகக் காளான் முளைத்திருந்தால் உள்ளே உளுத்திருக்கக்கூடும். காய்ந்த கிளை, மரப்பொந்து, குளவிக்கூடு, தேனடை, எறும்புச் சாரை ஆகிய ஒவ்வொன்றும் அந்த மரத்தை விட்டுவிடக் காரணமாகும். பிறகு, அடிமரத்தை ஒட்டி, பச்சையாக, ஆளின் தொடையைவிடப் பருமனான ஒரு கிளையைத் தேர்ந்தெடுப்பார்கள்.

அந்தக் கிளைக்கு மேலே கயிற்றைப் போடுவதுதான் பொறுமையைச் சோதிக்கும் கட்டம். ஏறும் கயிறு விரல் பருமன் உள்ளது. அதை 30 மீட்டர் உயரத்துக்கு யாரும் எறிந்துவிட முடியாது. எனவே நீண்ட கழியின் நுனியில் பொருத்திய பெரிய உண்டிவில்லாலோ, வில்லாலோ, எடை கட்டிய மெல்லிய நூலை முதலில் எய்கிறார்கள். நூல் கிளையைத் தாண்டி மறுபக்கம் இறங்கினால், அதன் முனையில் சற்றுத் தடித்த கயிறு ஒன்றைக் கட்டி இழுப்பார்கள்; அது வந்து சேர்ந்ததும் அதன் வாலில் ஏறும் கயிற்றைக் கட்டி இழுப்பார்கள். ஊசியைப் பின்தொடர்ந்து நூல் போவதைப் போல, மெல்லியது முன்னே சென்று கனமானதை அழைத்துச் செல்கிறது. படிக்க எளிதாக இருக்கிறது. காட்டிலோ, எய்த நூல் கொடியில் சிக்கும். வேண்டிய கிளைக்குப் பக்கத்துக் கிளையில் விழும். எடை மேலேயே மாட்டிக்கொண்டு கீழே வராது. ஒரு முழுக் காலைப்பொழுது இதிலேயே கழிந்துபோவதும் உண்டு.

கயிறு கிளைக்கு மேல் போய் இரு பக்கமும் தொங்குகிறது. ஒரு முனையை அடிமரத்திலோ பக்கத்து மரத்திலோ இறுகக் கட்டிவிட்டு, மறுபக்கத்தில் ஆள் ஏறுவார். இங்கே தொடக்கநிலையாளர் தவறாமல் புரிந்துகொள்ள வேண்டிய ஒரு கணக்கு இருக்கிறது. ஏறுபவரின் எடை 70 கிலோ என்றால் கிளை தாங்க வேண்டியது 70 கிலோ அன்று. ஏறத்தாழ 140 கிலோ. கிணற்றுச் சகடையை நினைத்துக்கொண்டால் இது விளங்கும். வாளியின் கனம் ஒரு பக்கம் இழுக்க, அதைத் தாங்கிப் பிடிக்கும் நம் கை அதே அளவு விசையோடு மறுபக்கம் இழுக்க, சகடை தொங்கும் உத்தரம் இரண்டையும் சேர்த்துச் சுமக்கிறது. மரத்தில் கையின் இடத்தில் கீழே கட்டிய முடிச்சு இருக்கிறது, அவ்வளவுதான். கயிறும் கிளையும் உரசுவதால் சுமை ஓரளவு குறையலாம். ஆனால் அதை நம்பி யாரும் கிளையைத் தேர்வதில்லை. ஏறும் முன் இரண்டு மூன்று பேர் சேர்ந்து கயிற்றில் தொங்கி, கிளை முனகுகிறதா என்று பார்ப்பதற்கும் இதுவே காரணம்.

ஏறும் கருவியை நம் நாட்டு மலையேறிகள் ‘ஜூமர்’ என்கிறார்கள். கயிற்றைக் கவ்வும் பல் உள்ள ஒரு பிடி அது. மேல்நோக்கித் தள்ளினால் வழுக்கிச் செல்லும், கீழ்நோக்கி இழுத்தால் இறுகிப் பிடிக்கும். இரண்டு ஜூமர்கள் வேண்டும். ஒன்று இடுப்பிலும் தொடையிலும் மாட்டிய வாரோடு இணைந்திருக்கும். மற்றொன்றிலிருந்து கால் வைக்கும் கண்ணி தொங்கும். இடுப்பு வாரில் உட்கார்ந்தபடி கால்களை மடக்கி, கண்ணியுள்ள ஜூமரை மேலே தள்ள வேண்டும். பிறகு கண்ணியில் எழுந்து நின்று, இடுப்பு ஜூமரை மேலே நகர்த்த வேண்டும். மறுபடி உட்கார வேண்டும். நிலமளக்கும் புழு உடலைக் குறுக்கி நீட்டி நகர்வதைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. ஒரு முறைக்கு 30 சென்டிமீட்டர் என்று வைத்தால், 30 மீட்டருக்கு நூறு தோப்புக்கரணம். அதுவும், தொங்கும் கயிறு நம்மை மெல்லச் சுழற்றிக்கொண்டிருக்கும்போது. கையால் இழுத்து ஏற முயல்பவர் பாதி வழியில் களைத்துவிடுவார். இது கால்களின் வேலை.

இறங்குவதற்கு வேறு கருவி உண்டு. கயிற்றை அதில் வளைத்து நுழைத்தால் உராய்வே வேகத்தைக் கட்டுப்படுத்தும். இடியோ பலத்த காற்றோ வரும் அறிகுறி தெரிந்தால் அன்று ஏறுவதில்லை. இத்தனை கவனத்துக்குப் பிறகும் ஆபத்து முற்றிலும் நீங்கிவிடாது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் மரமேறி ஆய்வு செய்த நளினி நட்கர்னி, 2015-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஏறத்தாழ 15 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து, பல எலும்புகள் முறிந்து, உயிர் பிழைத்தார். குணமான பிறகு மீண்டும் மரத்துக்கே திரும்பினார்.

கிளையில் மண், மண்ணில் வேர்

நட்கர்னியின் பெயரை இங்கே விழுந்ததற்காக மட்டும் சொல்லிவிட்டுப் போவது முறையாகாது. இந்தியாவிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய தந்தைக்குப் பிறந்த அவர், மாணவப் பருவத்தில் வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பிக் தீபகற்பத்திலுள்ள குளிர் மழைக்காட்டில் ஏறிக்கொண்டிருந்தார். அங்குள்ள மேப்பிள் மரங்களின் கிளைகளைப் பாசியும் தொற்றுத் தாவரங்களும் மெத்தைபோல் போர்த்தியிருக்கும். அந்த மெத்தைக்கு அடியில், பல காலம் உதிர்ந்து மட்கியவை சேர்ந்து, உண்மையான மண் உருவாகியிருக்கும். கிளைமேல் மண் என்பதே தரையில் நிற்பவருக்குத் தோன்றாத ஒன்று. அவர் மெத்தையை உரித்துப் பார்த்தபோது அதற்குள் வேர்கள் ஓடின. தொற்றுத் தாவரங்களின் வேராகத்தான் இருக்கும் என்று எவரும் நினைப்பார்கள். அவர் அந்த வேரைப் பிடித்துக்கொண்டே பின்னோக்கிப் போனார். அது கிளையின் பட்டைக்குள் போய் முடிந்தது. மேப்பிள் மரமே தன் கிளையிலிருந்து வேர்விட்டு, தன் தோளில் குடியேறியவர்கள் சேர்த்துவைத்த மண்ணிலிருந்து சத்தை எடுத்துக்கொண்டிருந்தது. 1981-இல் இந்தக் கண்டுபிடிப்பு ‘சயன்ஸ்’ இதழில் வெளியாயிற்று. கோஸ்ட்டா ரிக்காவின் மோன்டவெர்டே மேகக்காட்டில் அவர் பின்னர் நீண்டகாலம் ஆய்வைத் தொடர்ந்தார்.

இதைத் தொலைநோக்கியால் கண்டுபிடித்திருக்க முடியுமா? முடியாது. வெட்டிச் சாய்த்த மரத்தில்? விழும் அதிர்ச்சியில் மெத்தை சிதறிப்போயிருக்கும். கிளைமேல் உட்கார்ந்து, கையால் உரித்து, விரலால் தொடர்ந்து போனதால் மட்டுமே கிடைத்த உண்மை அது. விதான ஆய்வின் வரலாற்றை ஏறும் வழிகளின் வரலாறாகப் பார்ப்பதுதான் சரி என்பது என் கருத்து. ஒவ்வொரு வழியும் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறது, சில கேள்விகளுக்குக் கண்ணை மூடியும் விட்டிருக்கிறது.

லோமனின் இலைக் கணக்கும் அப்படிப்பட்டதே. பூச்சிகள் ஒரு மரத்தின் இலையில் எவ்வளவைத் தின்கின்றன என்று அறிய, முன்பெல்லாம் ஒரு முறை இலைகளைப் பறித்து, ஓட்டை விழுந்த பரப்பை அளப்பார்கள். லோமன் மேலே ஏறி, இலைகளுக்கு நீரில் அழியாத மையால் எண்ணிட்டு, மாதாமாதம் திரும்பிச் சென்று அதே இலைகளைப் பார்த்தார். சில எண்கள் காணாமல் போயிருந்தன. முழுக்கத் தின்னப்பட்ட இலை, பறித்துவந்த குவியலில் இருக்காது. ஆகவே பழைய கணக்கில் அது ஒருபோதும் சேர்ந்ததில்லை. உண்மையான சேதம் முன்பு நினைத்ததைவிட அதிகம் என்பது இவ்வாறு தெரியவந்தது.

புகைபோட்டு எண்ணியவர்

ஏறாமலேயே விதானத்தைக் கீழே வரவழைக்கும் வழி ஒன்றும் உண்டு. வண்டுகளை ஆராய்ந்த டெர்ரி எர்வின் என்ற பூச்சியியலாளர் பனாமாவில் லூஹியா சீமன்னி என்னும் ஒரே இனத்தைச் சேர்ந்த 19 மரங்களின் உச்சிக்குப் பூச்சிக்கொல்லிப் புகையைச் செலுத்தி, கீழே விழுந்தவற்றைச் சேகரித்தார். வண்டினங்கள் மட்டும் ஏறத்தாழ 1,200 தேறின. 1982-இல் அவர் வெளியிட்ட கட்டுரை இரண்டே பக்கம். ஆனால் அதன் கணக்கு உலகைத் திகைக்கவைத்தது.

கணக்கு இப்படிப் போகிறது. அந்த 1,200-இல் 163 இனங்கள் அந்த மரத்தை மட்டுமே நம்பி வாழ்பவை என்று அவர் மதிப்பிட்டார். வெப்பமண்டலத்தில் சுமார் 50,000 மர இனங்கள் இருப்பதாகக் கொண்டு பெருக்கினால் விதான வண்டுகள் 81.5 லட்சம். பூச்சி, சிலந்தி போன்ற கணுக்காலிகளில் வண்டுகள் நூற்றுக்கு 40 என்றால், விதானத்தில் வாழும் கணுக்காலி இனங்கள் 2 கோடி. தரையில் அதில் பாதி என்று வைத்துச் சேர்த்தால் மொத்தம் 3 கோடி. அதுவரை அறிவியல் பெயரிட்டிருந்த எல்லா உயிரினங்களையும்விட இது பன்மடங்கு அதிகம்.

கூர்ந்து படிப்பவர் இந்தக் கணக்கின் ஒவ்வொரு படியிலும் ஓர் ஊகம் உட்கார்ந்திருப்பதைக் காண்பார். 163 என்பதே மதிப்பீடுதான். ஒரு வண்டு அந்த மரத்தில் விழுந்தது என்பதால் அது அங்கேதான் வாழ்கிறது என்று ஆகாது, போகிற வழியில் இளைப்பாறியும் இருக்கலாம். பிற்கால ஆய்வுகள் பூச்சிகள் அவ்வளவு கறாராக ஒரே மரத்தைப் பற்றி நிற்பதில்லை என்று காட்டின. இன்று பல மதிப்பீடுகள் 50 லட்சத்துக்கும் ஒரு கோடிக்கும் இடையில் நிற்கின்றன. எர்வினைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. எவரும் சரிபார்க்கக்கூடியபடி கணக்கை அவர் திறந்து வைத்ததால்தான் மற்றவர்கள் திருத்த முடிந்தது. புகை, யார் இருந்தார்கள் என்று சொல்லும். என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று சொல்லாது.

கக்காச்சியில் பூத்த வெடிப்பலா

என்ன செய்கிறார்கள் என்பதை அறிய, பூக்கும் கிளைக்குப் பக்கத்தில் காத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டிலேயே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. திருநெல்வேலி மாவட்டத்தின் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள், மாஞ்சோலையை அடுத்து, கக்காச்சி என்னும் பசுமைமாறாக் காடு உள்ளது. அங்கே டி. கணேஷ், சௌபத்ரா தேவி, பிரியா தாவிதார் ஆகியோர் 1990-களில் தொடங்கி, மரங்களின் பூப்பையும் மகரந்தச் சேர்க்கையையும் பழங்களையும் உச்சிவரை சென்று ஆராய்ந்தார்கள். அக்காட்டில் மிகுந்திருக்கும் மரங்களில் ஒன்று வெடிப்பலா. பலாவைப் போல முள்ளுள்ள காய்; ஆனால் பலாவின் குடும்பமன்று, துரியனின் உறவு. பூவுக்கு இதழ் கிடையாது. சதைப்பற்றான பழுப்பு நிறப் புல்லி மட்டும் கிளையை ஒட்டிக் கொத்துக் கொத்தாக வரும். சோலைமந்தி, கருமந்தி, மலையணில், இரவில் பறக்கும் அணில், வௌவால் எல்லாம் இந்தப் பூவைத் தேடி வருகின்றன. தரையிலிருந்து பார்த்தால் பூவைத் தின்று அழிக்கிறார்கள் என்றே படும். பக்கத்தில் இருந்து பார்க்கும்போதுதான் கேள்வி மாறுகிறது: தின்ன வந்த விலங்கு மகரந்தத்தையும் முகத்தில் அப்பிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போகிறதா? யார் வெறும் திருடர், யார் கூலி கொடுத்துவிட்டுச் சாப்பிடுபவர் என்று இரவும் பகலும் பிரித்துப் பார்க்க வேண்டிய ஆய்வு அது. காட்டின் மற்ற மரங்களையும் சேர்த்துப் பார்த்தபோது, மகரந்தச் சேர்க்கையில் பெரும்பங்கு பூச்சிகளுடையது என்று தெரிந்தது. வெடிப்பலா போன்றவை விதிவிலக்குகள்.

கயிறு எட்டாத இடம்

கயிற்று முறையின் பெரிய குறை, அது பருமனான கிளைவரைதான் ஆளைக் கொண்டுபோகும் என்பது. வெயிலில் முழுக்கக் காயும் இலைகளும் பெரும்பாலான பூக்களும் சுள்ளி நுனிகளில் இருக்கின்றன. அங்கே ஆள் எடை தாங்காது. உள்ளறையில் உட்கார்ந்து முற்றத்தை எட்டிப் பார்ப்பதுபோல் ஆகிவிடும்.

இதற்கு பனாமாவில் ஸ்மித்சோனியன் ஆய்வகத்தைச் சேர்ந்த ஆலன் ஸ்மித் கண்ட தீர்வு, நகரங்களில் அடுக்குமாடி கட்டப் பயன்படும் கோபுரக் கிரேனைக் காட்டுக்குள் நிறுத்துவது. 1990-இல் பனாமா நகரையொட்டிய இயற்கைப் பூங்காவில் அது நிறுவப்பட்டது. கிரேனின் கை 51 மீட்டர் நீளம். அது ஒரு சுற்றுச் சுற்றினால் சுமார் 8,000 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ இரண்டு ஏக்கர் காடு, மேலிருந்து கைக்கெட்டும். கூண்டில் நின்று, எந்த மரத்தின் எந்த இலையையும், ஒரு கிளையையும் அசைக்காமல் தொடலாம். நாளைக்கும் அதே இலையைத் தொடலாம். பின்னர் ஆஸ்திரேலியாவின் டெயின்ட்ரீ, மலேசியாவின் சரவாக் மாநிலத்து லம்பீர் மலை போன்ற இடங்களிலும் கிரேன்கள் எழுந்தன. செலவு மிகுதி. அதோடு, எத்தனை ஆண்டுகள் ஆனாலும் அதே இரண்டு ஏக்கர்தான்.

இடம்விட்டு இடம் போக வேண்டும் என்றால் பிரெஞ்சுத் தாவரவியலாளர் ஃபிரான்சிஸ் ஆலேயும் அவர் கூட்டாளிகளும் செய்ததைப் பார்க்க வேண்டும். காற்றடைத்த குழாய்களும் வலையும் கொண்ட மிகப் பெரிய தெப்பம் ஒன்றை வான்கப்பலில் கட்டித் தூக்கிச் சென்று, காற்று அடங்கிய விடியற்காலையில் மர உச்சிகளின்மேல் இறக்கி, அதன்மேல் நடந்து ஆய்வு செய்தார்கள். 1986-இல் பிரெஞ்சு கயானாவில் இது தொடங்கியது. மரத்தின்மேல் தெப்பம் விடுவது என்றால் நமக்குத் தெப்பக்குளம் நினைவுக்கு வரும். அங்கே நீர், இங்கே இலை.

விண்வெளியிலிருந்து பார்க்கும் காலத்தில் மரமேற வேண்டுமா என்ற கேள்வி இயல்பானது. 2023-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஓர் ஆய்வு இதற்கு விடை தருகிறது. வெப்பமண்டல மரங்களின் இலைகள் சராசரியாக 46.7 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அவற்றின் ஒளிச்சேர்க்கை இயந்திரம் பழுதாகத் தொடங்கும். சர்வதேச விண்வெளி நிலையத்தில் உள்ள வெப்ப உணரியின் பதிவுகளைக் கொண்டு, இன்றைய நிலையில் ஏறத்தாழ 0.01 விழுக்காடு இலைகள் அந்த எல்லையைத் தாண்டுகின்றன என்று மதிப்பிட்டார்கள். ஆனால் விண்வெளியிலிருந்து தெரிவது பரந்த பரப்பின் சராசரி வெப்பமே. தனித்தனி இலை எவ்வளவு சுடுகிறது என்பதை அறிய, விதானத்தில் இலையோடு இலையாக ஒட்டிவைத்த வெப்பமானிகளின் அளவு தேவைப்பட்டது. அவற்றை ஒட்ட யாராவது மேலே போகத்தான் வேண்டியிருந்தது.

உயரத்தை அளப்பதிலும் இதே கதைதான். மலேசியாவின் சபா மாநிலத்தில் தானும் பள்ளத்தாக்குக் காட்டை, 2018-இல் விமானத்திலிருந்து லேசர் கதிரால் ஆராய்ந்தபோது, மஞ்சள் மெராந்தி இனத்தைச் சேர்ந்த ஒரு மரம் பிற எல்லாவற்றையும்விட ஓங்கி நிற்பது தெரிந்தது. கோபுரம் என்று பொருள்படும் ‘மெனாரா’ என்ற பெயர் அதற்குக் கிடைத்தது. 2019 ஜனவரியில் உண்டிங் ஜாமி என்னும் உள்ளூர் மரமேறி அதன் உச்சிக்குச் சென்று, அங்கிருந்து அளவு நாடாவைக் கீழே விட்டார். அளவு 100.8 மீட்டர்.

ஏறி முடித்தபின் செய்யும் சிறு வேலை ஒன்று உண்டு. இறங்கியதும் ஏறும் கயிற்றை உருவிக்கொண்டு போய்விட்டால், அடுத்த மாதம் அதே இலைகளைப் பார்க்க வருபவர் மறுபடி உண்டிவில்லோடு ஒரு காலைப்பொழுதைச் செலவிட வேண்டியிருக்கும். ஆகவே கயிற்றின் வாலில் மெல்லிய நூலொன்றைக் கட்டி இழுத்து, கயிறு வெளியே வர, நூல் மட்டும் கிளைமேல் தங்கும்படி செய்து, அதன் இரு முனைகளையும் அடிமரத்தில் சுற்றிக் கட்டிவிடுவார்கள். மழையும் வெயிலும் பட்டு அது நைந்திருக்கலாம். அணில் கடித்திருக்கவும் கூடும். திரும்பி வருபவர் மரத்தடிக்கு வந்ததும் முதலில் அந்த நூலை விரலால் தொட்டு, மெல்ல இழுத்துப் பார்க்கிறார்.